தடுத்த பக்கத்தின் கீழே ஒரு கட்டம்

"அஞ்சு நாளா வயரை உரிக்கிறேன், கலர் பார்த்து அடுக்குறேன், பிளக்குல வெச்சு நசுக்குறேன். அழிக்கிறது எப்படின்னு கேட்டா மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்கிறீங்க. நான் என்ன வயரிங் வேலைக்கா வந்திருக்கேன்?"

கார்மேகம் சார் சொன்னது இதுதான், வார்த்தைக்கு வார்த்தை. சொல்லிவிட்டுக் கையிலிருந்த கேபிளை மேஜைமேல் எறிந்தார்.

ஜெசிந்தா மேடம் அதை எடுத்துச் சோதிக்கும் கருவியில் சொருகினார். எட்டு விளக்குகளில் ஏழு எரிந்தன.

"இதுவே இன்னும் முடியலையே சார்."

"மூணாவது விளக்கு," என்றார் பர்வீன் டீச்சர், பக்கத்து மேஜையிலிருந்து. "நேத்தும் அதேதான். சாருக்கும் அந்தப் பச்சை வயருக்கும் ஏதோ பழைய பகை."

இரண்டு பேர் சிரித்தார்கள். கார்மேகம் சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் லேபைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கான பத்து நாள் வகுப்பு அது. கேபிள் போடுவதிலிருந்து, வேண்டாத பக்கங்களைத் தடுக்கும் ஃபயர்வால் பெட்டி வரை எல்லாவற்றையும் கையால் செய்து பழக வேண்டும். பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள், பாதிப் பேர் விரும்பி வரவில்லை. கார்மேகம் காமர்ஸ் வாத்தியார், வயது ஐம்பத்திரண்டு. லேப் சாவி யாருக்கு என்று அவருடைய ஸ்கூலில் கூட்டம் போட்ட அன்றைக்கு அவர் லீவ். மறுநாள் வந்து பார்த்தால் சாவி அவர் மேஜைமேல் இருந்தது. பள்ளிக்கூடங்களில் பொறுப்பு இப்படித்தான் கை மாறும்.

வகுப்பு எடுத்த ஜெசிந்தா அவரைவிடப் பதிமூன்று வயது இளையவர். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நெட்வொர்க்கைப் பதினைந்து வருஷம் தனியாளாகப் பார்த்துக்கொண்டவர். குரலை உயர்த்தத் தெரியாதவர், அல்லது அதற்குத் தேவை வராதவர்.

"எதை அழிக்கணும் சார்?"

"பொதுவாத்தான் கேட்டேன். லாக் ரொம்பச் சேர்ந்துபோச்சு. யார் எந்தப் பக்கத்தைத் திறந்தாங்கன்னு ஒண்ணு விடாம எழுதி வெச்சுக்கிட்டே இருக்கு அந்தப் பெட்டி. ஸ்பீடு குறையுது."

"ஆறு மாசம் ஆனா பழசை அதுவே அழிச்சிடும். நீங்க கை வைக்க வேண்டாம்."

"அதுவரைக்கும் பொறுக்க முடியாது."

"எதுவரைக்கும் பொறுக்க முடியும்?"

"திங்கட்கிழமை வரைக்கும்."

அன்றைக்கு வெள்ளி. ஜெசிந்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். டீக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. "எல்லாரும் இப்பவே டீ குடிச்சிட்டு வந்துடுங்க," என்றார்.

"சாருக்கு ஒரு வடை எடுத்து வெக்கவா?" என்று பர்வீன் டீச்சர் போகிற போக்கில் கேட்டார். கார்மேகம் நிமிரவில்லை. டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

"திங்கட்கிழமை என்ன சார்?"

அவர் உட்கார்ந்தார். சொல்ல ஆரம்பித்தவர் ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மேஜைமேல் இருந்த கருவியைப் பார்த்துச் சொன்னார்.

அவருடைய ஸ்கூலில், பத்தாம் வகுப்பில், கோபிகா என்று ஒரு பெண். மே மாத லீவில் அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். வயது பதினைந்து. போன மாதம் கை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கட்டுப் போட்ட நர்ஸ் வயதைக் கேட்டார், கதை வெளியே வந்தது. இப்போது குழந்தைகள் நலக் குழு விசாரிக்கிறது. அப்பா ஒரே பேச்சாக நிற்கிறார்: பெண் ஆசைப்பட்டுத்தான் கட்டிக்கொண்டாள், வேண்டாம் என்று யாரிடமும் சொன்னதில்லை, இது புருஷன் பெண்டாட்டிச் சண்டை, வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கோபிகா, "ஸ்கூல்ல கேட்டேன்," என்கிறாள். யாரிடம் என்றால் தலையைக் குனிந்துகொள்கிறாள். அதனால் குழு ஸ்கூலுக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. அந்தப் பெண் உங்களில் யாரிடமாவது சொன்னாளா? திங்கட்கிழமை நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும்.

"சொன்னாளா?" என்று ஜெசிந்தா கேட்டார்.

"என்கிட்ட வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலை மேடம்."

"வாயைத் திறந்து."

கார்மேகம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"லாக் எப்படிப் பார்க்கிறதுன்னு மூணாவது நாள் நீங்கதான் சொல்லித்தந்தீங்க. எனக்கு வருதான்னு பார்க்க நேத்துக் காலையில ஏழு மணிக்கே ஸ்கூலுக்குப் போனேன். யார் நம்பரையாவது போட்டுத்தானே பார்க்கணும். அந்தக் கடிதத்துல இருந்த அவ ரோல் நம்பரைப் போட்டேன்."

"என்ன வந்துச்சு?"

மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை. பதினொன்று ஐம்பதிலிருந்து பன்னிரண்டரை வரை, லேப் பீரியட். குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்க எங்கே எழுதிப் போடுவது என்று கோபிகா தேடியிருக்கிறாள். ஏழு முறை. ஏழு முறையும் பெட்டி தடுத்திருக்கிறது.

"ஏன் தடுத்துச்சு?"

"நான்தான் தடுக்கச் சொன்னேன். பசங்க பீரியட் முழுக்க நடிகைங்க கல்யாண போட்டோவையே பார்த்துக்கிட்டு இருந்தானுங்க. ஹெச்.எம். என்னைப் பசங்க முன்னாடியே திட்டினாங்க. கல்யாணம், திருமணம்னு எங்கே வந்தாலும் திறக்காதேன்னு போட்டுட்டேன். ரெண்டே வார்த்தை மேடம். அன்னையிலேர்ந்து லேப்ல சத்தமே கிடையாது."

கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் பெருமைகூட எட்டிப் பார்த்தது. பழக்கதோஷம்.

"தடுத்த பக்கத்துக்குக் கீழே ஒரு கட்டம் இருக்குமே."

"இருக்கு. 'திறக்க வேண்டுமானால் நிர்வாகிக்கு எழுதவும்'னு. பெட்டி வாங்கும்போதே இருந்தது. அதுல எழுதினா எங்கே போகும்னு எனக்குத் தெரியாது மேடம், நிஜமாத் தெரியாது. அட்மின்னு ஒரு மெயில் அதுக்குள்ளேயே இருக்காம். நேத்து வரைக்கும் நான் திறந்ததே இல்லை. பெட்டியோட வந்த பாஸ்வேர்டைக்கூட மாத்தலை."

"அவ அதுல எழுதினாளா?"

கார்மேகம் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். நீல மையில், அழகான வாத்தியார் கையெழுத்தில் நாலு வரிகள் இருந்தன.

"'சார் இந்தப் பக்கம் வேணும்.' இது முதல். அப்புறம், 'சார் பாடத்துக்கு இல்ல, எனக்கு வேணும்.' அப்புறம், 'சார் புத்தகத்துல உதவி நம்பர் போட்டிருக்கு, பேச போன் இல்ல, இதுல எழுதியே அனுப்பலாம்னு சொன்னாங்க.'"

நிறுத்தினார்.

"நாலாவது?"

நோட்டை நீட்டினார். ஜெசிந்தா வாங்கவில்லை. கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்துவிட்டு, அவரே படித்தார்.

"'சார் நீங்க பக்கத்துலதான் நிக்கிறீங்க. வாயால கேட்க பயமா இருக்கு. திறந்து விடுங்க சார்.'"

"எங்கே நின்னீங்க?"

"அவ முதுகுக்குப் பின்னால. ரெக்கார்டு நோட்டுல கையெழுத்துப் போட்டுக்கிட்டு."

ஜெசிந்தா அவர் கையிலிருந்த நோட்டைச் சுட்டிக்காட்டினார். "அழிக்கப் போறவர் எதுக்கு சார் இதைக் கையால எழுதி வெச்சிருக்கீங்க?"

கார்மேகம் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார்.

"ஹெச்.எம்.கிட்ட காட்டினேன். 'எங்ககிட்ட எதுவும் வரலை'ன்னு பதில் டைப் பண்ணியாச்சு, திங்கட்கிழமைக்குள்ள அது உண்மையா இருக்கணும்னாங்க. பெட்டியில இருக்கிறது உங்க பேரு, என் பேரு இல்லைன்னாங்க. சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க மேடம். இன்னும் எட்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. நான் கெட்டவன் இல்லை. ஒரு மெயிலைப் பார்க்கலை, அவ்வளவுதான். எப்படி அழிக்கிறதுன்னு சொல்லுங்க."

"சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு பயிற்சி பாக்கி இருக்கு."

ஒவ்வொருவரும் தங்கள் ஸ்கூல் பெட்டியில் உள்ள விதிகளை மட்டும் பென் டிரைவில் நகலெடுத்து வந்திருந்தார்கள். ஜெசிந்தா கார்மேகத்தின் நகலை எடுத்து வகுப்புப் பெட்டியில் ஏற்றினார். ஓரத்திலிருந்த ஒரு கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"அது மாணவர் சீட். போய் உட்காருங்க."

தான் நிர்வாகியின் சீட்டில் உட்கார்ந்தார். இரண்டுக்கும் நடுவில் ஆறடி இருக்கும்.

"அவ தேடினதைத் தேடுங்க."

தேடினார். திரை வெளுத்தது, சிவப்பு எழுத்து வந்தது. 'இந்தப் பக்கம் உங்களுக்கு ஏற்றதல்ல. படிக்க வந்தால் படிக்கவும்.' இரண்டாவது வாக்கியம் பெட்டியோடு வந்ததல்ல. அதை கார்மேகமே சேர்த்திருந்தார்.

"கீழே கட்டத்துல கேளுங்க."

'திறந்து விடவும்' என்று டைப் செய்து அனுப்பினார். திரும்பிப் பார்த்தார். ஜெசிந்தா கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அனுப்பிட்டேன்."

அவர் பேசவில்லை.

"வந்துச்சா மேடம்?"

அதற்கும் பேசவில்லை.

"மேடம், உங்களைத்தான் கேட்கிறேன்."

"வாயால கேட்காதீங்க. அவ வாயால கேட்கலை."

"எவ்வளவு நேரம் இப்படி உட்காரணும்?"

"அவ எவ்வளவு நேரம் உட்கார்ந்தா?"

கார்மேகத்துக்குக் கணக்குத் தெரியும். நாற்பது நிமிஷம். அவர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மற்றவர்கள் டீ குடித்துவிட்டு வந்தார்கள். ஏதோ தேர்வு நடக்கிறது என்று நினைத்துச் சத்தம் போடாமல் அவரவர் மேஜைக்குப் போனார்கள். பேப்பரில் சுற்றிய வடை ஒன்று கார்மேகத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அவர் அதைத் தொடவில்லை.

பத்தாவது நிமிஷம் அவருக்குக் கோபம் வந்தது. இருபதாவது நிமிஷம் இன்னொரு முறை எழுதினார், இந்தத் தடவை 'தயவுசெய்து' சேர்த்து. முப்பதாவது நிமிஷம் யாரோ முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். பர்வீன் டீச்சர். நோட்டில் எதையோ குறித்துக்கொண்டிருந்தார். குனிந்து திரையைப் பார்ப்பாரா என்று கார்மேகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார். டீச்சர் எழுதி முடித்து, அலமாரியிலிருந்து ஒரு கேபிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"பெல் அடிச்சாச்சு," என்றார் ஜெசிந்தா. "எழுந்திருங்க."

கார்மேகம் உடனே எழுந்திருக்கவில்லை.

"அவ எழுந்து எங்கே போனா சார்?"

"கணக்கு பீரியடுக்கு," என்றார். கொஞ்சம் பொறுத்து, "அன்னைக்கு டெஸ்ட். எழுதினா," என்றார்.

ஐந்து மணிக்கு வகுப்பு முடிந்தது. எல்லோரும் போன பிறகும் கார்மேகம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். நாற்பது நிமிஷத்தில் ஆள் மாறிவிடுவதெல்லாம் மேடைப் பேச்சில்தான். அவர் திரும்பவும் அதையேதான் கேட்டார்.

"சொல்றேன்னு சொன்னீங்க."

ஜெசிந்தா ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டினார்.

"ஒரே வரிதான். 'நிச்சயமா?'ன்னு கேட்கும். ஆமான்னா போயிடும்."

இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முழுசாப் போயிடுமா?"

"அவ எழுதின நாலும் போயிடும். அவளுக்கு வேற சாட்சி கிடையாது. அப்பா வீட்டுக்கு அனுப்புவாங்க, அவர் புருஷன் வீட்டுக்கு அனுப்புவார். அதெல்லாம் பெட்டிக்குத் தெரியாது. பெட்டி புதுசா ஒரு வரி மட்டும் எழுதிக்கும். இந்தத் தேதி, இந்த மணி, அழித்தவர் கார்மேகம்."

"அந்த வரியை அழிக்கலாமா?"

"அழிக்கலாம். அழிச்சதுக்கு ஒரு வரி வரும்."

"அதையும் அழிச்சா?"

"அதுக்கும் ஒண்ணு."

"ஹெச்.எம். பேரு அதுல எங்கேயாவது வருமா?"

"அந்தப் பெட்டிக்கு அவங்களைத் தெரியாது."

"சரி, கடைசியில என்னதான் இருக்கும்?"

"கடைசின்னு ஒண்ணு அதுல இல்லை சார்."

கார்மேகம் தாளை நாலாக மடித்தார். கதவு வரைக்கும் போய்த் திரும்பினார்.

"திங்கட்கிழமை என்கூட வர முடியுமா மேடம்? நீங்க இதெல்லாம் படிச்சவங்க. உங்களை மாதிரி ஒருத்தர் எடுத்துச் சொன்னா கேட்பாங்க."

"அவ என்னையா கேட்டா?" என்றார் ஜெசிந்தா.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் லேப் சாவி கார்மேகத்திடம்தான் இருந்தது. சனிக்கிழமை ஒரு முறை போய்த் திறந்தார், அரை மணியில் பூட்டினார். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு முறை. ஹெச்.எம். போன் செய்து, "முடிஞ்சுதா சார்?" என்றார். "முடிச்சிட்டேன் மேடம்," என்றார் இவர். எதை என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு நிர்வாகத் திறமைதான்.

திங்கட்கிழமை, மாடியில் ஒரு அறை. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் குழுத் தலைவியும் இரண்டு உறுப்பினர்களும். இந்தப் பக்கம் கோபிகாவின் அப்பா, ஹெச்.எம்., கார்மேகம். கோபிகா சுவரோரம் தனி நாற்காலியில், இடது கையில் மாவுக்கட்டோடு. புடவை கட்டியிருந்தாள். அது அவளுக்குப் பெரிதாக இருந்தது.

"பள்ளியில யார்கிட்டயாவது சொன்னாளா?" என்று தலைவி கேட்டார்.

"இல்லைங்க மேடம். எங்ககிட்ட எதுவும் வரலை," என்றார் ஹெச்.எம். டைப் செய்த கடிதத்தை மேஜைமேல் தள்ளினார்.

"பார்த்தீங்களா?" என்றார் அப்பா. "நான் சொன்னா நம்ப மாட்டேன்னீங்க. வாத்தியாருங்களே சொல்றாங்க."

தலைவி பேனாவை எடுத்தார்.

"வந்துச்சுங்க," என்றார் கார்மேகம்.

ஹெச்.எம். அவர் பக்கம் திரும்பவில்லை. கைப்பையின் ஜிப்பை மட்டும் ஒரு முறை திறந்து மூடினார்.

கார்மேகம் பைலிலிருந்து ஐந்து தாள்களை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றின் அடியிலும் அவர் கையெழுத்தும் தேதியும் இருந்தன. தலைவி புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் கம்ப்யூட்டர் பாஷை எனக்குப் புரியாது, நீங்களே படியுங்கள் என்றார். கார்மேகம் எழுந்து நின்று படித்தார். எந்த வரியிலும் நிற்கவில்லை.

"இதுல சார் சார்னு வருதே, அது யாரு?"

"நான்தான்."

"அப்போ நீங்க எங்கே இருந்தீங்க?"

அதையும் சொன்னார். தலைவி எழுதிக்கொண்டார். அப்பா வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்ததெல்லாம் சீக்கிரம் நடந்தது. கோபிகாவை அப்பாவோடு அனுப்புவதில்லை, அரசு இல்லத்தில் வைத்துப் படிக்க வைப்பது, அப்பா மேலும் புருஷன் வீட்டார் மேலும் வழக்கு. கார்மேகத்தின் மேல் தனியாக விசாரணை, அது துறை பார்த்துக்கொள்ளும். படியிறங்கும்போது ஹெச்.எம்., "லேப் சாவியை நாளைக்கு ஆபீஸ்ல குடுத்துடுங்க. மத்தது கடிதத்துல வரும்," என்று சொல்லிவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டார்.

கார்மேகம் பாதிப் படியிலிருந்து திரும்பி மேலே ஏறினார்.

வராந்தா பெஞ்சில் கோபிகா உட்கார்ந்திருந்தாள். இல்லத்திலிருந்து வந்த பெண், உள்ளே தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கார்மேகம் பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றார். எங்கே நிற்பது என்று யோசித்து, இரண்டடி தள்ளி நின்றார்.

"கோபிகா."

அவள் மாவுக்கட்டின் ஓரத்தில் பிசிறாக நின்ற நூலை மற்றொரு கையால் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டிலேர்ந்து புத்தகம், துணி ஏதாவது எடுத்துட்டு வரணுமாம்மா? நான் போய் வாங்கிட்டு வரேன்."

நூல் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு வந்தது.

"அங்கே பக்கத்துல ஸ்கூல் இருக்காம். நல்லா இருக்கும்னு சொன்னாங்க."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. கையெழுத்துகள் முடிந்திருக்க வேண்டும். கார்மேகம் குனிந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு மாணவியிடம் அவர் அந்தக் குரலில் பேசியதில்லை.

"ஏதாவது கேளும்மா. எதுவானாலும் சரி, கேளு."